பிளஸ் டூ ரிசல்ட்டும் அரசுப் பள்ளியும்: கேளுங்கள், சொல்கிறேன்

அரசு மேல்நிலைப் பள்ளியில் 26 வருடம் வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

கேள்வி: டீச்சர், எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் தேர்ச்சி 88 சதவீதம், பக்கத்து மெட்ரிக் பள்ளியில் 100. மகனைப் பதினொன்றாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது?

100 என்றால் எத்தனை பேர் எழுதி 100 என்று முதலில் கேளுங்கள். பத்தாம் வகுப்பில் 400 தாண்டினால்தான் ஃபர்ஸ்ட் குரூப் என்று வடிகட்டி எடுக்கும் பள்ளியும், டிசியோடு வாசலில் வந்து நிற்கும் பிள்ளையை எல்லாம் சேர்த்துக்கொள்ளும் பள்ளியும் ஒரே தராசில் ஏறாது. 2024இல் மாநிலத் தேர்ச்சி 94.56, அரசுப் பள்ளிகள் 91.02. வீட்டில் புத்தகம் பிரித்த முதல் ஆளே அந்தப் பிள்ளைதான் என்கிற குடும்பங்கள் எத்தனை என்று பார்த்தால், இந்த மூன்றரை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஹெச்.எம்.மிடம் போய் பிளஸ் டூவில் 600க்கு 450க்கு மேல் எத்தனை பேர், கணக்குக்கும் இயற்பியலுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, பணியிடம் காலியா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் யோசியுங்கள்.

கேள்வி: 70க்கு 15 எடுத்தாலே பாஸ் என்கிறார்களே, நிஜமா?

செய்முறை உள்ள பாடங்களில் நிஜம்தான். எழுத்துத் தேர்வில் 15, அதோடு 20க்கு நடக்கும் செய்முறையிலும் 10க்குப் போடும் அகமதிப்பீட்டிலும் எடுத்ததைச் சேர்த்து 100க்கு மொத்தம் 35 வந்தால் போதும். அதனால்தான் தேர்ச்சி சதவீதத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்கிறேன்.

கேள்வி: வருடா வருடம் பையன்கள் ஏன் பின்தங்குகிறார்கள்? போனில் மூழ்கிவிட்டார்களா?

போன் பெண்பிள்ளைகளிடமும் இருக்கிறது. 2024இல் மாணவிகள் 96.44, மாணவர்கள் 92.37. நான் பார்த்தவரை காரணம் வேலை. தை, மாசி முகூர்த்தம் வந்தால் என் வகுப்பில் கடைசி பெஞ்ச் காலி. சனி ராத்திரி மண்டபத்துக்குப் பந்தி பரிமாறப் போனவன் திங்கட்கிழமை கண் சிவந்து வருவான், சட்டையில் சாம்பார் வாசனை அடிக்கும், கையில் சொந்தக் காசு இருக்கும். மார்ச்சில் பொதுத்தேர்வு! அந்தக் காசை விட்டுவிட்டு மோல் கணக்கு போடு என்றால் எவன் கேட்பான்? அப்படியே நின்றுவிடுகிறவர்களும் உண்டு. 2023இல் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கே சுமார் 50,000 பேர் வரவில்லை. தேர்வு எழுதியவர்களை வைத்துத்தான் சதவீதம் போடுவார்கள், வராதவன் அதில் இல்லை.

கேள்வி: மகள் எட்டாவது வரை தனியார் பள்ளி. இப்போது அரசுப் பள்ளிக்கு மாற்றினால் மருத்துவத்தில் 7.5 சதவீத இடஒதுக்கீடு கிடைக்குமா?

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) இலவச இடத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்து, அப்புறம் ஒன்பது முதல் அரசுப் பள்ளி என்றால் உண்டு. கட்டணம் கட்டிப் படித்திருந்தால் இல்லை. அரசு உதவி பெறும் பள்ளியும் இதில் சேராது, இதில் ஏமாந்த பெற்றோர் நிறைய.

கேள்வி: சேர்க்கையின்போது சாதி, அப்பா வேலை, வருமானம் எல்லாம் எதற்குக் கேட்கிறார்கள்?

எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித்துறையின் கணினிப் பதிவில் ஏற்ற வேண்டும், உதவித்தொகை அதை வைத்துத்தான் வரும். சாதிச் சான்றிதழை ஒன்பதாவதிலேயே வாங்கிவிடுங்கள். கவுன்சிலிங் நேரத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிற கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன்.