ஐ.நா.வுக்கே புகார் எழுதலாமா?

குழந்தை உரிமை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: உலக நாடுகள் எல்லாம் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் சேர்ந்திருக்கின்றன. அப்புறமும் குழந்தைகள் வேலைக்குப் போகிறார்களே, அது வெறும் காகிதம்தானா?

காகிதம்தான். ஆனால் அரசுகள் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்ட காகிதம். 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற இந்த உடன்படிக்கையில் 54 பிரிவுகள். அமெரிக்கா 1995இல் கையெழுத்திட்டதோடு நிறுத்திக்கொண்டது, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஏற்புறுதி (சட்டப்படி கட்டுப்படுகிறோம் என்ற உறுதி) தராதது அது ஒன்றுதான். சேர்ந்த நாடு இரண்டு ஆண்டுக்குள் முதல் அறிக்கையும், பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அடுத்தடுத்த அறிக்கைகளும் தர வேண்டும். 18 வல்லுநர்கள் கொண்ட குழு அவற்றைப் பரிசீலித்துக் கேள்வி கேட்கும். அந்தக் குழுவிடம் போலீஸ் கிடையாது, அபராதம் போடும் அதிகாரமும் கிடையாது. உள்நாட்டுச் சட்டமும் அதற்கு ஒதுக்கும் பணமும் இல்லாவிட்டால் உடன்படிக்கை அப்படியே கிடக்கும்.

பலனே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2000இல் சுமார் 24.6 கோடியாக இருந்த குழந்தைத் தொழிலாளர் எண்ணிக்கை, 2024 மதிப்பீட்டில் 13.8 கோடி. அவர்களில் 5.4 கோடிப் பேர் செய்வது உடலுக்கோ உயிருக்கோ ஆபத்தான வேலை. பெரும்பகுதி விவசாயத்தில் நடக்கிறது. தொழிற்சாலைக்குப் போகும் தொழிலாளர் ஆய்வாளர், குடும்பமே சேர்ந்து வேலை செய்யும் வயலுக்குப் போவதில்லை. சட்டம் இருந்தும் குழந்தைகள் கண்ணில் படாமல் போவது அங்கேதான்.

கேள்வி: ஒரு குழந்தைக்கு நடந்த அநீதிக்கு உள்ளூரில் நியாயம் கிடைக்கவில்லை. நேரே ஐ.நா.வுக்கு எழுதலாமா?

எழுதலாம். பலர் ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அது தனிப்பட்ட புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அமைப்பு அல்ல. புகார் போக வேண்டிய இடம், மேலே சொன்ன 18 வல்லுநர்கள் கொண்ட குழு. ஜெனீவாவில் உள்ள அதன் பெயர் குழந்தை உரிமைகள் குழு.

அதற்கும் உங்கள் நாடு உடன்படிக்கையில் இருந்தால் மட்டும் போதாது. 2014 ஏப்ரல் 14 முதல் நடைமுறையில் இருக்கும் மூன்றாவது விருப்ப நெறிமுறையிலும் (புகார் தர வழிசெய்யும் தனி இணைப்பு ஒப்பந்தம்) சேர்ந்திருக்க வேண்டும். சேராத நாடுகள் நிறைய. ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் நாட்டின் பெயரைப் போட்டால் சேர்ந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். எழுத உட்காரும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

நாடு சேர்ந்திருந்தால் அடுத்த தடை பெரியது. உள்நாட்டில் இருக்கும் வழிகளையெல்லாம், மேல்முறையீடு வரை, முடித்திருக்க வேண்டும். கடைசி உத்தரவு வந்து ஓராண்டுக்குள் புகாரை எழுத்தில் அனுப்ப வேண்டும். வழக்கு அநியாயமாக இழுத்தடிக்கப்பட்டாலோ, அந்த வழியில் பலன் கிடைக்க வாய்ப்பில்லை என்றாலோ விலக்கு உண்டு. ஆனால் "கோர்ட்டுக்குப் போனாலும் ஒன்றும் நடக்காது" என்று ஒரு வரி எழுதினால் ஏற்க மாட்டார்கள். எந்தத் தேதியில் மனு கொடுத்தோம், எத்தனை வாய்தா போனது, என்ன பதில் வந்தது என்று நகல்களோடு காட்ட வேண்டும். இன்னொரு சிக்கல்: எந்த உரிமை மீறப்பட்டது என்று ஜெனீவாவில் சொல்கிறீர்களோ, அதை உள்நாட்டு மனுவிலும் சொல்லியிருக்க வேண்டும். உள்நாட்டில் விட்டுவிட்டு ஜெனீவாவில் புதிதாகக் கிளப்பினால் புகார் நிற்காது. ஆகவே முதல் மனுவை எழுதும்போதே குழந்தை உரிமை தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

மொட்டைக் கடிதம் எடுபடாது. உங்கள் பெயர் வேண்டும். குழந்தைக்காக வேறொருவர் எழுதினால் குழந்தையின் சம்மதம் வேண்டும், அது இல்லையென்றால் ஏன் இல்லை என்ற விளக்கம் வேண்டும். சம்மதமில்லாமல் குழந்தையின் அடையாளத்தைக் குழு வெளியிடாது. நாடு கடத்தல் போல, நடந்துவிட்டால் சரிசெய்ய முடியாத ஆபத்து இருந்தால், தற்காலிகமாக நிறுத்திவைக்கச் சொல்லி அரசைக் கேட்கும்படி குழுவிடம் புகாரோடு சேர்த்தே கோருங்கள். பதில் தர அரசுக்கு 6 மாதம் அவகாசம் உண்டு.

நாடு சேராவிட்டாலும் மனம் தளர வேண்டாம். அரசின் அறிக்கையைக் குழு பரிசீலிக்கும் சமயத்தில் தன்னார்வ அமைப்புகள் தனியாக ஒரு மாற்று அறிக்கை தரலாம். உங்கள் ஆவணங்களை அப்படிப்பட்ட ஓர் அமைப்பிடம் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் ஆசிரியை. ஒரு மாணவி தனக்கு நடந்ததைச் சொன்னால் எப்படி எழுதி வைப்பது?

அவள் சொன்ன வார்த்தைகளிலேயே. "மாமா பெல்ட்டால ரெண்டு தடவை அடிச்சார்" என்றால் அதையே எழுதுங்கள். "உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாகத் தெரிகிறது" என்று மாற்றினால் யார், எதால், எத்தனை முறை என்பதெல்லாம் போய்விடும். தேதி, நேரம், இடம், நீங்கள் கேட்ட கேள்வி, உங்கள் கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். "அவர்தான் அடித்தாரா?" என்று பதிலை எடுத்துக் கொடுக்காமல், "என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. தலைமையாசிரியர், ஆலோசகர், போலீஸ் என்று ஆளாளுக்குத் திரும்பத் திரும்பக் கேட்டால் அந்தப் பிள்ளை தினமும் அதே வேதனைக்குள் போய் வருவாள். சொல்வதிலும் சின்னச் சின்ன வித்தியாசம் வரும், அதையே எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். காயத்தை உங்கள் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புவது பெருந்தவறு. அதை மருத்துவர் பதிவு செய்யட்டும்.

கேள்வி: பிறப்புச் சான்றிதழை ஏன் உரிமை என்கிறார்கள்?

உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு அது. வயதை நிரூபிக்க முடியாத குழந்தையை வேலைக்கு அனுப்பலாம், கட்டிக்கொடுக்கலாம், பெரியவர்களின் சிறையில் அடைக்கலாம். "பதினெட்டு ஆகிவிட்டது" என்று சொல்லிவிட்டால் போதும். துணையின்றி ஸ்பெயினுக்கு வந்த புலம்பெயர் சிறுவர்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து வயதை முடிவு செய்ததை எதிர்த்துப் பல புகார்கள் குழுவுக்குப் போயின. பலவற்றில் உரிமை மீறப்பட்டதாகவே குழு சொன்னது.

ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 15 கோடிப் பேருக்கு இன்றும் பிறப்புப் பதிவு இல்லை. பதிவு செய்துவிட்டு, சான்றிதழ் வாங்காமல் விடுகிறவர்களும் உண்டு. குழந்தை பிறந்ததும் பதிவை முடித்து, சான்றிதழைக் கையில் வாங்கி, பெயரிலும் தேதியிலும் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பிறகு திருத்துவது பெரும்பாடு.