வாசகர் கேள்வி – பதில்: முகவீணைப் பாடத்தைக் காணொளியாக எடுப்பது எப்படி?

கேள்வி: என் பெரியப்பா தெருக்கூத்து ஜமாவில் (குழுவில்) நெடுங்காலமாக முகவீணை என்ற சிறிய ஊதுகருவியை வாசித்து வருகிறார். அவருக்கு வயதாகிவிட்டது. கற்றுக்கொள்ள ஆசைப்படும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளோ ஓசூரிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கிறார்கள். ஆகவே அவருடைய பாடங்களைக் கைபேசியில் எடுத்து அனுப்ப நினைக்கிறேன். எடுத்துப் பார்த்ததில் ஓசை உடைந்து கரகரக்கிறது. விரல்களும் தெளிவாகத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?
— வாசகர், பென்னாகரம்

பதில்: ஓசையையும் விரலையும் பற்றிப் பிறகு சொல்கிறேன். அவற்றுக்கு முன் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, எதைப் பாடமாக எடுப்பது என்பதைத்தான். கூத்தாடும் களரியில் முகவீணை தனித்து ஒலிக்கும் நேரம் மிகக் குறைவு. வேடம் கட்டியவர் ஓர் அடியைப் பாடி நிறுத்தியதும் அந்த அடியின் முடிவை வாங்கி அதே சுருதியில் நீட்டி, அவர் மூச்சு வாங்கிக்கொள்ளவும் அடுத்த அடியைத் தவறாமல் எடுக்கவும் இடம் கொடுப்பதே முகவீணைக்காரரின் வேலை. ஸ்வர வரிசைகளை மட்டும் கற்றுக்கொண்டவர் வீட்டில் நன்றாகவே வாசிப்பார். பாரதக் கூத்தில் தாளமில்லாமல் பாடும் ஒரு விருத்தத்துக்குப் பின்னால் உட்கார வைத்தால், எங்கே நுழைவது, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் திணறுவார். ஆகவே ஒவ்வொரு பாடத்தையும் பாட்டிலிருந்தே தொடங்குங்கள். பெரியப்பா முதலில் அந்த அடியைக் கருவியில்லாமல் வாயால் பாடட்டும். அதையே அடுத்து முகவீணையில் ஊதட்டும். மூன்றாவதாக, ஜமாவில் பாடுகிற ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து அவர் பாட இவர் தொடரட்டும். கற்பவருக்கு இந்த மூன்றும் ஒரே காணொளியில், இதே வரிசையில் கிடைக்க வேண்டும்.

விரல்களைப் பொறுத்தவரை ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எந்தத் துளையை மூடினால் எந்த ஸ்வரம் என்று ஒரு படம் வரைந்து காட்டிவிட்டால் பாடம் முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். நாகசுரத்தைப் போலவே முகவீணையும் சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் மெல்லிய நாணல் துண்டு, பொருத்தி ஊதும் கருவி. விரல் அசையாமல் இருக்கும்போதே, உதட்டின் பிடி சற்று இறுகினாலோ காற்றின் அழுத்தம் கூடினாலோ ஸ்வரம் மேலேறிவிடும். துளையைப் பாதி மூடுவதும் இதனோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே விரலை மட்டும் காட்டுகிற காணொளியைப் பார்த்துப் பழகுபவர், விரல் சரியாக இருந்தும் ஸ்வரம் ஏன் சேரவில்லை என்று புரியாமல் சோர்ந்துபோவார். விரலும் உதடும் ஒரே படச் சட்டத்துக்குள் இருக்கும்படி எடுங்கள். முகவீணை ஒரு முழத்தை எட்டாத சிறிய கருவி என்பதால் இது சிரமமில்லை. நாகசுரமாக இருந்தால் இரண்டு கைபேசிகள் தேவைப்பட்டிருக்கும்.

எதிரே நின்று எடுத்தால் பார்ப்பவருக்கு இடது வலதாகவும் வலது இடதாகவும் மாறித் தெரியும். மேலே எந்தக் கை, கீழே எந்தக் கை என்பதிலேயே புதியவர்கள் குழம்பிவிடுவார்கள். பெரியப்பாவின் தோளுக்குப் பின்னால், சற்று மேலிருந்து கருவியைப் பார்க்கும்படி கைபேசியை நிறுத்தி ஒரு முறையும், பக்கவாட்டில் கன்னமும் உதடும் தெரியும்படி ஒரு முறையும் அதே அடியை எடுங்கள். நொடிக்கு 60 படச் சட்டங்கள் (frames) எடுக்கும் வசதி கைபேசியில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வேகமான பிடிகளில் விரல் மங்காது. குழல்விளக்கின் கீழ் எடுத்தால் சில நேரம் படம் இமைக்கும் என்பதால், காலை வெளிச்சத்தில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எடுப்பதே நல்லது.

இனி ஓசை. சீவாளிக் கருவிகள் திறந்த வெளியில், ஒலிபெருக்கி இல்லாத காலத்திலேயே கூட்டத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி உருவானவை. கைபேசியின் ஒலிவாங்கியோ பேச்சுக் குரலுக்காகச் செய்யப்பட்டது. அருகில் வைத்து ஊதினால் அது தாங்காது. அந்தக் கரகரப்பு அதனால்தான். அப்படி உடைந்த ஓசையைப் பிறகு செயலியால் முழுமையாகச் சீராக்குவது கடினம். ஆறேழு அடி தள்ளி, கருவியின் வாய்க்கு நேராக இல்லாமல் சற்று விலகிக் கைபேசியை வையுங்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. ஓசை பெரிதானால் தானாகக் குறைத்து, சிறிதானால் தானாகக் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு பெரும்பாலான கைபேசிகளில் இருக்கிறது. இரைச்சல் நீக்கும் வசதியோ, நீளமாக ஒரே ஸ்வரத்தில் நிற்கும் ஊதலை விசிறிச் சத்தம் என்று எண்ணி அமுக்கிவிடும். அமைப்புகளில் இவற்றை நிறுத்த முடிந்தால் நிறுத்திவிடுங்கள். முடியாவிட்டால், ஒலியை மட்டும் தனியே பதிவு செய்யும் ஒரு சிறு கருவியையோ இரண்டாவது கைபேசியில் ஒலி அளவைக் கையால் குறைக்கவிடும் செயலியையோ பயன்படுத்துங்கள். இரண்டிலும் பதிவு தொடங்கியதும், படம் எடுக்கும் கைபேசியின் முன்னால் ஒரு முறை கைதட்டினால், பின்னர் படத்தையும் ஒலியையும் அந்தத் தட்டலை வைத்துப் பொருத்திவிடலாம்.

காரை வீட்டு அறையில் எதிரொலி அதிகம். சுவரோரம் பாயையும் கம்பளியையும் தொங்கவிட்டாலே பெரிதும் அடங்கும். மாந்தோப்பில் எடுக்கலாம் என்று தோன்றும்; ஆனால் காற்று ஒலிவாங்கியில் மோதினால் பதிவே கெட்டுவிடும்.

சீவாளிக்கென்று தனியே ஒரு பாடம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கற்பவர்களில் பலர் முதல் வாரத்திலேயே கருவியை மூலையில் வைத்துவிடுவதற்குக் காரணம் விரலோ மூச்சோ அல்ல, சீவாளிதான். காய்ந்த சீவாளி பேசாது. அதிகம் ஊறியது தடித்துப் பிசகும். சீவாளியின் வாய் அதிகம் விரிந்திருந்தால் எவ்வளவு ஊதினாலும் காற்று போதாது. பெரியப்பா சீவாளியை வாயில் ஊறவைத்து, விரலால் அழுத்திப் பார்த்து, குச்சியால் அதன் வாயைத் திறந்து, கருவியில் பொருத்தாமலேயே தனியாக ஊதிச் சோதிப்பதை மிக அருகில் வைத்து, வெட்டாமல் எடுங்கள். அவர் எதுவும் விளக்க வேண்டாம், செய்தால் போதும். அதன் பிறகு, பேசாத சீவாளி ஒன்றை வேண்டுமென்றே ஊதச் சொல்லி அந்த ஓசையையும் பதிவு செய்யுங்கள். நூறு மைல் தள்ளி இருக்கும் பிள்ளைக்குத் தன் சீவாளியில் என்ன கோளாறு என்பதைக் கண்டுபிடிக்க அந்தத் தவறான ஓசைதான் உதவும். சரியானதை மட்டும் காட்டும் பாடங்களில் இந்த உதவி இல்லை.

மூச்சையும் இவ்வாறே எடுக்கலாம். ஓசை அறாதிருக்க, கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை உதட்டின் வழியே தள்ளிக்கொண்டே மூக்கால் உள்ளிழுப்பதைச் சொல்லால் விளக்குவது கடினம். ஒரு குவளைத் தண்ணீரில் உறிஞ்சுகுழலை வைத்துக் குமிழி அறாமல் ஊதும் பயிற்சியைப் பெரியப்பாவே செய்து காட்டட்டும். கன்னம் எப்போது உப்புகிறது, எப்போது வற்றுகிறது என்பது பக்கவாட்டு ஒளியில் நன்கு தெரியும்.

எடுத்து முடித்ததை வாட்ஸ்அப்பில் சாதாரணக் காணொளியாக அனுப்பினால் படமும் ஒலியும் சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். ஒரு பாடத்தில் ஓர் அடி போதும்.

கேள்வி: எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடியக் கூத்து நடக்கும். அதை முழுவதும் எடுத்து, முகவீணை வரும் இடங்களை வெட்டிப் பாடமாக்கிவிட்டால் வேலை எளிதாகாதா?
— வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: எளிதாகும், ஆனால் பாடமாகாது. மத்தளமும் ஆர்மோனியமும் தாளமும் ஒலிபெருக்கியும் சேர்ந்த ஓசையில் முகவீணையின் நுணுக்கம் புதைந்துவிடும், விரலும் தெரியாது. இருந்தாலும் அந்தப் பதிவை அவசியம் எடுத்து வையுங்கள், வெட்டாமல் வையுங்கள். முகவீணைக்காரர் எங்கே வாசிக்காமல் காத்திருக்கிறார் என்பதை அதில்தான் பார்க்க முடியும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வசனம் பேசும்போது அவர் கருவியை மடியில் வைத்துவிட்டுச் சீவாளியை மட்டும் வாயில் ஊறவைத்துக்கொண்டிருப்பார். கண் மட்டும் ஆடுபவரின் மேலேயே இருக்கும். பாடங்களைப் படித்து முடித்தவருக்கு அந்த ஓர் இரவுப் பதிவு மிகுந்த பயன் தரும்.

கேள்வி: எங்கள் வாத்தியாரின் பாடங்களை யூடியூபில் போட விரும்புகிறோம். சட்டச் சிக்கல் ஏதும் வருமா?
— வாசகர், ஊத்தங்கரை

பதில்: வாத்தியாரின் உரிமையை முதலில் கவனியுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 38ஆம் பிரிவில், நிகழ்த்தும் கலைஞருக்கென்று தனி உரிமை தருகிறது. அது நிகழ்த்திய ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டுகள் நீடிக்கும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம், நிகழ்த்தியவர் இன்னார் என்று குறிப்பிடப்பட வேண்டும் என்பதையும் அவருடைய உரிமையாக்கியிருக்கிறது. ஆகவே, எங்கே வெளியிடப் போகிறீர்கள், வருமானம் வந்தால் அவருக்கு எவ்வளவு என்பதை எல்லாம் அவருக்குப் படித்துக் காட்டி, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்காமல் விடுவது அவருடைய உழைப்புக்குச் செய்யும் அநீதி. உடன் பாடியவரிடமும் இதே போல ஒப்புதல் வேண்டும்.

வழிவழியாகப் பாடப்படும் பழைய பாட்டுகளால் சிக்கல் இல்லை. ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்த படைப்புகளையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். கூத்தில் இப்போது நுழைந்துவிட்ட சினிமா மெட்டுகளைப் பாடத்தில் சேர்க்காதீர்கள். யூடியூபின் தானியங்கி அமைப்பு அவற்றைக் கண்டுகொண்டால், காணொளியின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம், காணொளியே முடக்கவும் படலாம். வெளியிடும்போது வாத்தியாரின் பெயர், ஊர், ஜமாவின் பெயர், அடி வரும் கூத்தின் பெயர் ஆகியவற்றை விளக்கக் குறிப்பில் தமிழில் எழுதுங்கள். மூலப் பதிவுகளை அழிக்காமல் இரண்டு இடங்களில் சேமித்து, ஒரு படியை வாத்தியாரின் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள்.