அணுகுண்டுச் சோதனைகளின் தூசு நம்மூர் வரை வந்ததா? கேள்வி பதில்

மார்ச் 1 ஆம் திகதி, பசிபிக்கில் பிகினித் தீவில் 1954 இல் அமெரிக்கா ஐதரசன் குண்டு வெடித்த நாளை ஒட்டி, எங்கள் வாசிகசாலையில் அரை மணி நேரம் பேசினேன். பேச்சு முடிந்ததும் சீட்டில் எழுதித் தந்த கேள்விகளும் பிறகு தொலைபேசியில் வந்தவையும் ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவன் என்பதால் ஒருவரும் விடவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

குண்டு வெடித்த இடத்தில்தானே ஆபத்து? தூசு ஏன் சில வேளை பக்கத்திலேயே விழுகிறது, சில வேளை உலகம் முழுக்கச் சுற்றுகிறது, சேர்? (உயர்தர மாணவி, சாவகச்சேரி)

பிள்ளை, களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்திருப்பீர். மணி காலடியில் விழும், பதர் காற்றோடு போகும். இங்கேயும் அதே கதைதான்.

குண்டை உயரத்தில் வெடிக்க வைத்து, நெருப்புக் கோளம் நிலத்தைத் தொடாவிட்டால், ஆவியான குண்டின் பொருள் மட்டும் மிக நுண்ணிய துகளாக உறைகிறது. வெடிப்புப் பெரிதென்றால் அது மழைமேகங்களுக்கும் மேலே இருக்கும் படைமண்டலம் வரை ஏறி, ஒன்றிரண்டு வருடம் கூட அங்கேயே நின்று மெல்ல இறங்கும். நிலத்தில் வெடித்தால் மண்ணும் கல்லும் சேர்ந்து மேலே இழுபடும். உருகிய கதிரியக்கப் பொருள் அந்த மண்ணில் ஒட்டிக்கொள்ளும். அது பாரமான மணி. ஒரு நாளுக்குள், காற்றடிக்கும் பக்கத்தில் சில நூறு கிலோமீற்றருக்குள் விழுந்துவிடும். உள்ளூர்த் தூசு என்பது இதுதான். ஆளைக் கொல்வதும் இதுதான்.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளும். நேரம் ஏழு மடங்காகும்போது இந்தத் தூசின் கதிர்வீச்சு ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறையும். வெடித்து ஒரு மணி நேரத்தில் 1000 என்றால், ஏழு மணி நேரத்தில் 100, இரண்டு நாளில் 10. அப்படியென்றால் முதல் இரண்டு நாளும்தான் மனிதரை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட வேண்டிய நேரம். 1954 இல் பிகினிக்கு அயலில் இருக்கும் ரொங்கெலப் தீவு மக்களை ஏற்றக் கப்பல் வந்தபோது, வெடித்து ஏறக்குறைய 50 மணி நேரம் ஆகியிருந்தது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ரொங்கெலப்பில் உண்மையில் என்ன நடந்தது? எங்கள் பக்கத்து மீனுக்கும் அதில் சம்பந்தம் உண்டா? (குருநகர் மீனவர் ஒருவர்)

அண்ணை, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிகினியில் அமெரிக்கா வெடித்த அந்தக் குண்டுக்கு 'பிராவோ' என்று பெயர். ஏறக்குறைய 6 மெகாதொன் எதிர்பார்த்தார்கள், வந்தது 15. ஹிரோஷிமாவைப் போல ஆயிரம் மடங்கு. குண்டின் எரிபொருளான இலிதியத்தில் சும்மா இருக்கும் என்று அவர்கள் நினைத்த இலிதியம்-7 சும்மா இருக்கவில்லை. அதுவும் தாக்கத்தில் சேர்ந்துகொண்டது.

ரொங்கெலப் அங்கிருந்து ஏறக்குறைய 150 கிலோமீற்றர். நேர்கோட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து அனுராதபுரம் எவ்வளவோ அவ்வளவு. விடிய வெடித்தது, சில மணி நேரத்தில் வானத்திலிருந்து வெள்ளைத் தூள் கொட்டத் தொடங்கியது. அது வேறொன்றுமில்லை, எரிந்து தூளான பவளப் பாறை. நம்மூர்ச் சுண்ணாம்புச் சூளைப் பக்கம் போயிருந்தால் அந்தத் தூள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முற்றத்தில், பாயில், தலைமயிரில், மழைத்தண்ணீர் பிடித்து வைத்த தொட்டியில் எல்லாம் படிந்தது. பிள்ளைகள் அதைக் கையால் அள்ளி விளையாடினார்கள். அன்று இரவே வாந்தி, உடம்பெல்லாம் அரிப்பு. பிறகு தோல் வெந்தது, மயிர் கொட்டியது. சில வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் கழுத்தில், தைரொயிட் சுரப்பியில், கட்டி வந்தது. காரணம் அயடின்-131 போன்ற கதிரியக்க அயடின். எட்டு நாளில் பாதியாகிவிடும் பொருள் அந்த அயடின்-131. ஆனால் அந்த முதல் நாட்களிலேயே தண்ணீரோடும் சாப்பாட்டோடும் உள்ளே போய்விட்டது.

அதே வேளை கடலில் 'டைகோ ஃபுகுரியு மாரு' என்ற யப்பானியப் படகு சூரை பிடித்துக்கொண்டிருந்தது. 23 பேர். தடை செய்த எல்லைக்கு வெளியேதான் நின்றார்கள். தூள் அவர்கள் தளத்திலும் கொட்டியது. என்னவென்று பார்ப்போம் என்று ஒரு பையில் கட்டியும் கொண்டு வந்தார்கள். வானொலி இயக்குநர் ஐகிச்சி குபோயாமா அந்த செப்டெம்பரில் இறந்தார். யப்பானில் அந்தத் தூளுக்குச் 'சாவுச் சாம்பல்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. கரைக்கு வந்த சூரையைக் கருவி வைத்துப் பார்த்து, புதைக்க வேண்டி வந்தது.

நீங்கள் பிடிக்கிற மீனுக்கு இதில் பயமில்லை. குண்டுத் தூசிலிருந்து சமுத்திரத்தில் இன்று மிஞ்சியிருக்கும் கதிரியக்கச் சீசியம் மிகச் சொற்பம். மீனில் இயற்கையாகவே இருக்கும் பொலோனியம்-210 அதைவிடக் கூடக் கதிர் தருகிறது. அதையும் நம் முன்னோர் எத்தனையோ தலைமுறையாகச் சாப்பிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

பிகினியில் இப்போதும் தேங்காய் சாப்பிடக்கூடாதாமே? தேங்காய்க்கும் குண்டுக்கும் என்ன? (பளை, தென்னந்தோட்டக்காரர்)

இந்தக் கேள்வி பளையிலிருந்து வந்ததில் எனக்கு நிறையச் சந்தோஷம்.

சீசியமும் பொற்றாசியமும் ஆவர்த்தன அட்டவணையில் ஒரே கூட்டம். தென்னை பொற்றாசியத்துக்கு அலையும் மரம். அதனால்தான் நாம் அடிக்குச் சாம்பலும் பொட்டாஷ் பசளையும் போடுகிறோம். பிகினி மண் வெறும் பவளத் தூள், பொற்றாசியம் அதில் அரிதிலும் அரிது. பசித்த வேர் சீசியத்தைப் பொற்றாசியம் என்று நினைத்து உறிஞ்சி, இளநீரிலும் பருப்பிலும் சேர்த்து வைத்தது.

1970களில் சில குடும்பங்கள் பிகினிக்குத் திரும்பி வந்தன. புதுத் தென்னைகள் காய்த்தன, அவர்களும் குடித்தார்கள், அரைத்தார்கள். உடம்பில் சீசியம் ஏறுவதை அளந்து பார்த்துவிட்டு 1978 இல் மறுபடி எல்லாரையும் தீவைவிட்டு ஏற்றினார்கள். சொந்த வளவு, நட்ட தென்னை, பக்கத்தில் கடல். எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்க, வாயில் வைக்க முடியாது. அதன் கொடுமை இடம்பெயர்ந்து திரும்பி வந்த நமக்குச் சொல்லித்தான் விளங்க வேண்டும் என்றில்லை.

பிறகு விஞ்ஞானிகள் அங்கே பொட்டாஷ் பசளை போட்டுப் பார்த்தார்கள். தேங்காயில் சீசியம் நன்றாகக் குறைந்தது. நீங்கள் வருடாவருடம் செய்கிற வேலைதான்.

என் மருமகன் படகில் போய்க் கிறிஸ்மஸ் தீவு முகாமில் ஒரு வருடம் இருந்தவர். அங்கேதானே பிரித்தானியர் ஐதரசன் குண்டு வெடித்தது? அவருக்கு ஏதும் வருமா? (வல்வெட்டித்துறை)

வராது அக்கா. கிறிஸ்மஸ் தீவு இரண்டு இருக்கிறது. உங்கள் மருமகன் இருந்தது இந்து சமுத்திரத்தில், யாவாவுக்குத் தெற்கே, அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமானது. குண்டுச் சோதனை நடந்தது பசிபிக்கில், இப்போது கிரிபாட்டி நாட்டில் கிரிட்டிமாட்டி என்று சொல்லும் தீவுப் பக்கம். 1957, 58 இல் பிரித்தானியா, 1962 இல் அமெரிக்கா. இரண்டுக்கும் இடையில் பத்தாயிரம் கிலோமீற்றருக்கு மேல். மருமகனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், வீண் பயத்தோடு இருக்க வேண்டாம்.

நமது சமுத்திரத்தில் வெடித்தது வேறு இடம். மேற்கு அவுஸ்திரேலியாக் கரையில் மொன்டபெலோ தீவுகள். பிரித்தானியா தன் முதல் அணுகுண்டை 1952 ஒக்டோபர் 3 இல் அங்கே ஒரு போர்க்கப்பலின் உள்ளே வைத்து வெடித்தது. 1956 இல் இன்னும் இரண்டு.

அணுகுண்டு வெடித்ததால்தான் 1964 புயல் வந்தது, மழையும் பருவம் தப்பியது என்று எங்கள் அப்பாச்சி சொல்லுவா. உண்மையா? (கரவெட்டி)

அப்பாச்சி அப்படி நினைத்ததில் பிழையில்லை. அந்த வருடம் ஒக்டோபர் 16 இல் சீனா லொப் நோர் பாலைவனத்தில் தன் முதல் குண்டை வெடித்தது. இரண்டு மாதத்தில், மார்கழியில், தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால் மனம் முடிச்சுப் போடும்.

ஆனால் புயலுக்கு வேண்டிய சக்தி சூடான கடல்நீரிலிருந்து வருகிறது. ஒரு பெரும் புயல் ஒரு நாளில் வெளிவிடும் வெப்பத்துக்கு முன்னால் அந்தக் குண்டு தீக்குச்சி.

மழை தூசைக் கீழே கொண்டுவரும் என்பது மட்டும் மெய். 1961, 62 இல் சோவியத்தும் அமெரிக்காவும் போட்டிக்கு வெடித்த குண்டுகளின் தூசு உலகம் முழுக்க இறங்கியது. மிகக் கூட விழுந்தது 40 முதல் 50 பாகை வட அகலக்கோட்டில். நாம் 10 பாகைக்கும் கீழே. அந்தத் தூசு படைமண்டலத்திலிருந்து அதிகமாக இறங்குவது வடநாட்டு இளவேனிலில். நமக்கு அது பங்குனி, சித்திரை, வானம் வறண்டு கிடக்கும் காலம். நமக்கு வந்தது கொஞ்சம்தான், ஆனால் வந்தது. வலிகாமத்துச் செம்மண்ணிலும் அந்தச் சீசியத்தின் சுவடு உண்டு. அதன் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறையும் காலம், 30 வருடம், ஆகவே அன்று விழுந்ததில் கால்வாசிதான் இப்போது மிச்சம்.

எங்கள் தெருவில் மூன்று பேருக்குப் புற்றுநோய். இந்தியாவும் பாகிஸ்தானும் வெடித்த குண்டால் இருக்குமோ? (சுன்னாகம், ஒரு தாய்)

அம்மா, வீட்டில் வருத்தக்காரரை வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நேராகவே சொல்கிறேன்: இல்லை.

இந்தியாவின் பொக்ரானில் 1974 இலும் 1998 இலும், பாகிஸ்தானின் சாகாயில் 1998 இலும் வெடித்தவை எல்லாம் நிலத்துக்கு அடியில். பொக்ரானே நமக்கு இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல். மற்ற வல்லரசுகளின் வான்வெளிச் சோதனைகளை எல்லாம் சேர்த்தாலும், தூசு உச்சத்தில் இருந்த 1963 இல் உலக மனிதருக்குச் சராசரியாகக் கிடைத்தது வருடத்துக்கு 0.1 மில்லிசீவேர்ட் (உடம்புக்குக் கிடைக்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு. மண்ணும் வானமும் சாப்பாடும் இயற்கையாகவே தருவது 2.4. இன்று அந்தத் தூசின் பங்கு 0.005 தான்.

உங்கள் தெருவில் நான் கவலைப்படுவது வேறு இரண்டுக்கு. ஒன்று, கிணறு. நமது சுண்ணக்கல் நிலம் அரிதட்டு மாதிரி, மேலே போடுகிற யூரியாவும் மலசலகூடக் குழியில் ஊறுவதும் நேரே நிலத்தடி நீருக்குப் போய்விடும். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன அளவைத் தாண்டியது தெரிந்த விஷயம். உங்கள் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதையை நீங்களே அனுபவித்தவர்கள். தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். இரண்டாவது, புகையிலையும் வெற்றிலையும். வாய்ப் புற்றுநோய்க்கு அதுதான் முதல் காரணம். வீட்டில் பெரியவர் யாராவது புகையிலை போட்டு வெற்றிலை சப்பினால், வாயில் ஆறாத புண் இருக்கிறதா என்று நீங்களே விளக்கு அடித்துப் பாருங்கள்.

நம் நாட்டவர் யாராவது இதற்கு எதிராகக் குரல் கொடுத்தார்களா? (ஓய்வுபெற்ற அதிபர், நல்லூர்)

கொடுத்தார்கள் ஐயா. பிராவோ வெடித்து இரண்டு மாதம் ஆகுமுன், 1954 ஏப்ரல் கடைசியில், இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஐந்தின் பிரதமர்களும் கொழும்பில் கூடினார்கள். ஐதரசன் குண்டுச் சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று அங்கே கேட்டார்கள். 1996 இல் சர்வதேச நீதிமன்றம் அணு ஆயுதம் பற்றிக் கருத்துச் சொன்னபோது, நமது நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி பெரும்பான்மையோடு போகாமல் மாறுபட்டு எழுதினார்: எந்தச் சூழ்நிலையிலும் அதன் பாவனை சட்டவிரோதம் என்று. ரொங்கெலப்பில் சிறுமியாக அந்தத் தூளில் நின்ற லிஜோன் எக்னிலாங், தனக்குப் பல முறை கரு கலைந்ததை அந்த நீதிமன்றத்தில் வந்து சொன்னவர். அவருடைய சாட்சியத்தை வீரமந்திரி தன் தீர்ப்பிலும் சேர்த்தார். சட்டம் படிக்கிற பிள்ளைகள் அந்தத் தீர்ப்பை ஒருமுறையாவது வாசிக்க வேண்டும்.

சாதாரண ஆட்களால் ஏதாவது செய்ய முடிந்ததா, அல்லது எல்லாம் அரசாங்கங்களின் விளையாட்டா? (சாவகச்சேரி மாணவியின் இரண்டாவது சீட்டு)

முடிந்தது பிள்ளை. அதுவும் உம்மைவிடச் சின்னப் பிள்ளைகளால்.

குண்டுத் தூசில் இருக்கும் ஸ்ட்ரொன்சியம்-90 என்பது கல்சியத்தின் கூட்டாளி. பாலோடு போய் எலும்பிலும் பல்லிலும் குந்திவிடும். அமெரிக்காவில் சென் லூயிஸ் நகரத்தில் 1958 கடைசியில் மருத்துவர்களும் தாய்மாரும் சேர்ந்து, விழுந்த பாற்பற்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். நாம் கூரையில் எறிவோமே, அந்தப் பல்லைப் பிள்ளைகள் கடித உறையில் போட்டு அனுப்பினார்கள். அனுப்பிய பிள்ளைக்கு ஒரு சின்னம் கிடைக்கும். மூன்று லட்சம் பல் சேர்ந்தது. பிந்திப் பிறந்த பிள்ளையின் பல்லில் ஸ்ட்ரொன்சியம் அதிகமாக இருந்தது. 1961 இல் முதல் முடிவுகள் வெளிவந்தன. 1963 ஓகஸ்டில் அமெரிக்கா, பிரித்தானியா, சோவியத் மூன்றும் வான்வெளிச் சோதனையைக் கைவிட ஒப்பந்தம் செய்தன. பிரான்ஸ் 1974 வரையும் சீனா 1980 வரையும் விடவில்லை.

உமது அம்மப்பா 1963 க்குக் கிட்டப் பிறந்தவர் என்று எழுதியிருந்தீர். வெடிப்புகளால் காற்றில் காபன்-14 என்ற கதிரியக்கக் காபன் அப்போது இரட்டிப்பாக இருந்தது. பல் மிளிரி, அதாவது பல்லின் மேல் ஓடு, ஒருமுறை உருவானால் மாறாது, ஆகவே அந்தக் கால மிளிரி இன்றும் அவர் வாயில் அப்படியே இருக்கும். பல்லைச் சோதித்து ஒருவர் எந்த வருடம் பிறந்தார் என்று ஒன்றிரண்டு வருட வித்தியாசத்தில் சொல்லுமளவுக்கு அந்த அடையாளம் தெளிவானது. அதனால் அவருக்கு ஒரு தீங்கும் இல்லை. அடுத்த முறை அவர் பல்லுக்கட்டப் போகும்போது, கழற்றிய பல்லை எறிய வேண்டாம் என்று சொல்லும். வகுப்புக்குக் கொண்டு வாரும், எல்லாருமாகப் பார்ப்போம்.