மனநோய் உள்ள ஒருவரின் குடும்பத்துக்குத் தொண்டு நிறுவனங்களால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

உங்கள் தம்பிக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்று கண்டறிந்து எட்டு மாதங்கள் ஆகின்றன, அரசு மருத்துவமனையில் மாத்திரை கிடைக்கிறது, ஆனால் வீட்டில் பெற்றோர் ஓய்ந்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். குடும்பங்களுக்கு ஆலோசனை தரும் தொண்டு நிறுவனத்துக்குப் போவதால் பயன் உண்டா, தம்பியை அவர்களே வைத்துப் பார்த்துக்கொள்வார்களா, செய்தி வெளியே பரவிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அண்ணனுக்கு இதே நோய். சென்னையில் இருக்கும் எங்கள் குடும்பம் பல ஆண்டுகளாக அப்படியொரு நிறுவனத்தின் குடும்பக் கூட்டங்களுக்குச் சென்று வருகிறது என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பயன் நிச்சயமாக உண்டு. ஆனால் அது முதலில் உங்கள் பெற்றோருக்குக் கிடைத்து, அவர்கள் வழியாகத்தான் தம்பியைச் சென்றடையும். இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்கு ஒரு நோயாளியிடம் செலவிடக் கிடைப்பது சில நிமிடங்கள்தாம். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, குரல்கள் கேட்கின்றனவா என்று கேட்டு மருந்தளவை முடிவு செய்வதற்கே அந்த நேரம் சரியாக இருக்கும். மீதியுள்ள நாட்கள் முழுவதும் நோயாளியோடு இருக்கப்போவது தாயும் தகப்பனும் உடன்பிறந்தவர்களும். அவர்களுக்கு இந்த நோயைப் பற்றி யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை. தமிழ்நாட்டில் இந்த இடைவெளியை முன்னதாகவே உணர்ந்தவர்களில் ஒருவர், 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் சாரதா மேனன். ஓய்வுக்குப் பின் 1984இல் அவர் சிலரோடு சேர்ந்து தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளை இன்றும் அண்ணா நகர் மேற்கு விரிவுப் பகுதியில் இயங்கி வருகிறது. சிகிச்சை, ஆராய்ச்சி, தொழிற்பயிற்சி ஆகியவற்றோடு குடும்பங்களுக்கான வழிகாட்டலும் அதன் பணிகளில் ஒன்று. நோயாளிகளின் குடும்பத்தினரே கூடி நடத்தும் ஆஷா என்ற அமைப்பும் சென்னையில் உருவானது.

குடும்ப ஆலோசனை என்றவுடன் ஆறுதல் வார்த்தைகள் என்றுதான் என் தந்தையும் நினைத்தார். ஆனால் அதன் அடிப்படையில் ஒரு பெரிய ஆராய்ச்சி வரலாறு இருக்கிறது. லண்டனில் 1950களில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, சிலருக்கு மட்டும் நோய் அடிக்கடி திரும்புவதையும், அது அவர்கள் போய்ச் சேர்ந்த வீட்டின் சூழலோடு தொடர்புடையதாக இருப்பதையும் கண்டனர். ஓயாமல் குறை சொல்லும் பேச்சு, வெறுப்பு, மூச்சுவிட இடம் தராத அளவுக்கு மிகுந்த தலையீடு ஆகியவை உள்ள வீடுகளில் நோய் மீள்வது அதிகமாக இருந்தது. 1976இல் வான், லெஃப் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, அத்தகைய உறவினரோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கும் மேல் முகத்துக்கு முகம் கழிக்கும் நோயாளிகளுக்கு ஆபத்து இன்னும் கூடுவதைக் காட்டியது. பின்னர் சண்டிகரில் இதே ஆய்வைச் செய்தபோது, லண்டனை விட நம் நாட்டுக் குடும்பங்களில் இந்தக் குறைகூறல் கணிசமாகக் குறைவு என்று தெரிந்தது. என்றாலும் வெறுப்பு வெளிப்பட்ட வீடுகளில் நோய் திரும்புவது இங்கும் அதிகமாகவே இருந்தது. இதைப் படித்துவிட்டு, பெற்றோர்தாம் நோய்க்குக் காரணம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். வீட்டுப் பேச்சு நோயை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் நோய் அடங்கிக் கிடப்பதிலும் மீண்டும் தலைதூக்குவதிலும் அதற்கு ஒரு பங்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

நம் வீடுகளில் அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். "பதினொரு மணி வரைக்கும் தூங்குறான், எருமை மாடு", "உன் வயசுப் பசங்க எல்லாம் சம்பாதிச்சுக் கொட்டுறாங்க", "நெனச்சா எந்திரிக்கலாம், கொழுப்பு". மனச்சிதைவில் குரல் கேட்பதும் சந்தேகப்படுவதும் வெளியே தெரியும் அறிகுறிகள். அவற்றை நோய் என்று ஒப்புக்கொள்ளக் குடும்பம் தயாராக இருக்கிறது. ஆனால் ஊக்கம் வற்றிப்போவது, முகத்தில் உணர்ச்சி குறைவது, பேச்சு சுருங்குவது, குளிக்கக்கூடத் தோன்றாமல் இருப்பது ஆகியவையும் அதே நோயின் அறிகுறிகள் என்பதையும், போதாக்குறைக்கு மாத்திரையின் மயக்கமும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது என்பதையும் யாராவது பொறுமையாக விளக்கும் வரை, எல்லாமே சோம்பேறித்தனமாகத்தான் கண்ணுக்குப் படுகிறது. குடும்பக் கூட்டங்களில் முதலில் கற்றுத்தருவது இந்த வேறுபாட்டைத்தான். அடுத்தது பேச்சு முறை. ஒரே மூச்சில் ஐந்து வேலைகளை அடுக்காமல் ஒன்றை மட்டும் சொல்வது, செய்தால் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்வது, பக்கத்து வீட்டுக்காரர் தன்னை வேவு பார்க்கிறார் என்று நோயாளி சொன்னால் அதை மறுத்து வாதாடாமலும் ஆமோதிக்காமலும் "உனக்குப் பயமா இருக்குன்னு புரியுது" என்று அந்தப் பயத்துக்கு மட்டும் பதில் சொல்வது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். களைத்துப்போன ஒரு தாய் மாலை ஏழு மணிக்கு இதைச் செய்வது எளிதன்று. அதனால்தான் இதை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுப்பதோடு நிறுத்தாமல், மாதந்தோறும் கூட்டம் வைத்துப் பழக்குகிறார்கள்.

என் தந்தை ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மருத்துவர் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. ஆனால் கூட்டத்துக்கு வந்த இன்னொரு தகப்பனார், ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், தம் மகன் காலையில் எழ முடியாததால் செடிகளுக்குத் தண்ணீர் விடும் வேலையை மாலைக்கு மாற்றி அதை மகனுடைய பொறுப்பாகவே விட்டுவிட்டதாகச் சொன்னபோது, என் தந்தை முன்னால் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். அண்ணனைக் காலையில் எழுப்புவதற்காக எங்கள் வீட்டில் நடந்த எட்டு மணிச் சண்டை அதற்குப் பிறகுதான் ஓய்ந்தது. ஆலோசகரின் படிப்பு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் இதே கஷ்டத்தில் இருக்கும் வேறு குடும்பங்களைச் சந்திக்க வைப்பதுதான் இத்தகைய நிறுவனங்கள் செய்யும் மிகப் பெரிய உதவி என்று நான் நினைக்கிறேன். ஆகவே நீங்கள் விசாரிக்கும் இடத்தில் தனி ஆலோசனை மட்டும் இருக்கிறதா, குடும்பங்கள் கூடும் கூட்டமும் நடக்கிறதா என்று கேளுங்கள். கூட்டத்துக்கு அம்மாவை மட்டும் அனுப்பாமல் அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள்.

நோய் திரும்புவதற்கு முன் தோன்றும் அடையாளங்களைக் குடும்பமே எழுதி வைக்கும்படி செய்வார்கள். தூக்கம் குறைவது பெரும்பாலானோருக்குப் பொது. அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் உண்டு. என் அண்ணன் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையில் உட்கார ஆரம்பித்தால் அதன் சத்தத்தில் பேச்சு கேட்கத் தொடங்கிவிட்டது என்று எங்களுக்குப் பொருள். அந்த வாரத்திலேயே மருத்துவரிடம் போய்விடுவோம்.

காகித வேலைகளிலும் இந்நிறுவனங்களின் சமூகப் பணியாளர்கள் கைகொடுப்பார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் அடங்கும். தன்னைப் பேணிக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை ஆகியவற்றை மதிப்பிட்டு ஊனத்தின் அளவைக் கணக்கிடுவார்கள். அது 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சான்றிதழின் அடிப்படையில் பல சலுகைகளைக் கோரலாம். பழைய வரிமுறையில் வருமான வரி கட்டுபவர் யாராவது வீட்டில் இருந்தால் தம்மைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பதற்கான வரிக்கழிவும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. தன் சார்பில் முடிவெடுக்க உதவும் பிரதிநிதியை நோயாளியே நியமித்துக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. தம்பி தெளிவாக இருக்கும் காலத்திலேயே அவரைக் கேட்டு இதைச் செய்துவிடுவது நல்லது. பெற்றோருக்கு வயதாகிக்கொண்டே போகும் என்பதை யாரும் வாய்விட்டுப் பேச விரும்புவதில்லை, ஆனால் எங்கள் கூட்டங்களில் மிகுதியாகப் பேசப்படும் பொருள் அதுதான்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை நிறுத்தச் சொல்வார்களோ என்று உங்கள் தாயார் பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். நான் கண்டவரை அப்படிச் சொல்வதில்லை. திருச்சி அருகே குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வேண்டும் என்று என் தாயார் விரும்பியபோது, மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்ற நிபந்தனையோடு ஆலோசகர் சம்மதித்தார். கட்டி வைப்பதை மட்டும் எந்தப் பெயரில் செய்தாலும் ஏற்கக்கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை இன்றைய சட்டம் தெளிவாகத் தடை செய்கிறது.

தம்பியை அவர்களே வைத்துக்கொள்வார்களா என்ற கேள்விக்குப் பதில், பெரும்பாலும் இல்லை என்பதே. நீண்ட காலம் தங்கும் இடங்கள் மிகவும் குறைவு. சென்னையில் 1993இல் தொடங்கிய தி பேன்யன், தெருவில் ஆதரவற்றுத் திரிந்த மனநலம் குன்றிய பெண்களுக்காக உருவானது. வீடும் உறவும் உள்ள ஒருவரை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் இடமாக அதைக் கருத முடியாது. 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா, தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களின் பேச்சைத் தன்னார்வலர்கள் காதுகொடுத்துக் கேட்கும் அமைப்பு. அது வேறு வகையான உதவி, சிகிச்சை தருவது அதன் வேலையன்று. தம்பி உயிரை விட்டுவிடப் போவதாகச் சொன்னாலோ, யாரையாவது தாக்கும் நிலைக்கு வந்தாலோ, ஆலோசனைக்கான நாளுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். வழக்கு வரும் என்று பயந்து தாமதிக்க வேண்டாம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

குறைகளும் உண்டு. நாம் பழகிய ஆலோசகர் திடீரென்று வேலையை விட்டுப் போய்விடுவார், புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நன்கொடை நின்றால் நல்ல திட்டங்களும் நின்றுவிடும். வசதிகள் பெரும்பாலும் பெருநகரங்களில் குவிந்திருக்கின்றன. 2010இல் ஸ்கார்ஃப் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்குப் பேருந்து ஒன்றை அனுப்பத் தொடங்கியது. அதற்குள் அமர்ந்தபடியே சென்னையில் உள்ள மருத்துவரிடம் காணொளியில் பேசி, அங்கேயே மருந்தும் பெற்றுச் செல்ல வழி செய்தார்கள். இத்தகைய முயற்சிகள் எல்லா மாவட்டங்களுக்கும் வாய்க்கவில்லை. நீங்கள் சிறு நகரத்தில் இருந்தால் அரசின் மாவட்ட மனநலத் திட்டக் குழுவை மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரியுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

தொண்டு நிறுவனம் என்ற பெயர்ப்பலகை மட்டும் தகுதியாகிவிடாது. மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், அதைக் கேட்பதில் தவறில்லை. மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று வாக்களிப்பவர்களையும், முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்பவர்களையும், உங்கள் தம்பியின் படத்தை விளம்பரத்துக்கு எடுக்க விரும்புபவர்களையும் விட்டு விலகுங்கள். செய்தி வெளியே பரவுமா என்ற உங்கள் பயத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும்படி கோருவது நோயாளியின் சட்டபூர்வ உரிமை, ஒப்புதல் இல்லாமல் படம் வெளியிடவும் கூடாது. கூட்டத்தில் தெரிந்த முகம் எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்று நாங்களும் தயங்கினோம். அப்படி எதிர்ப்படுபவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே வந்திருப்பார்.

கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். பல இடங்களில் வருமானத்தைக் கேட்டு முடிவு செய்வார்கள், சில இடங்களில் வாங்குவதே இல்லை. அரசு மருத்துவமனையில் கிடைக்கும் இலவச மருந்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிட வேண்டாம், அந்த மருந்தும் நிறுவனத்தின் ஆலோசனையும் சேர்ந்தே நடக்கலாம். தம்பி உடன் வர மறுத்தால் அதற்காக நாளைத் தள்ளிப்போடவும் வேண்டாம். முதல் முறை அவருடைய மருத்துவக் குறிப்பேட்டையும் இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டைகளையும் எடுத்துக்கொண்டு நீங்களும் பெற்றோரும் மட்டும் போகலாம். அவர் எத்தனை மணிக்குத் தூங்குகிறார், எப்போது எழுகிறார், கடைசியாக எப்போது தானாக ஒரு வேலையைச் செய்தார் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள், அங்கே முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள்.