ஃபாக், மிஸ்ட், டியூ, ஃப்ராஸ்ட், ஸ்னோ: அகராதியில் எல்லாமே ‘பனி’. எதை எங்கே எழுதுவது?

உதகையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். நீங்கள் கேட்ட ஐந்தில் நான்கு எங்கள் ஊரில் வாசலிலேயே கிடைக்கும். ஸ்னோ மட்டும் கிடையாது. பிழை அதிகம் நடப்பதும் அந்தச் சொல்லில்தான், அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

டிசம்பர், ஜனவரி வந்தால் தலைகுந்தா புல்வெளி விடியற்காலையில் வெள்ளை வெளேரென்று கிடக்கும். ‘ஊட்டியில் ஸ்னோ’ என்று வீடியோக்கள் பரவத் தொடங்கும். அது ஸ்னோ அல்ல, ஃப்ராஸ்ட். ஸ்னோ மேகத்திலேயே படிகமாகி மேலிருந்து விழுவது. ஃப்ராஸ்ட் எங்கிருந்தும் விழுவதில்லை. காற்றிலுள்ள நீராவி, சில்லிட்டுப்போன புல்லின்மேல் நேராகப் பனிக்கட்டித் துகளாகப் படிவதுதான் அது.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். வெப்பமானி இரண்டு மூன்று டிகிரி காட்டும் காலையில்கூடப் புல் நுனி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். பள்ளத்துத் தேயிலை கருகிப்போக, மேட்டுத் தேயிலை பச்சையாக நிற்பது இதனால்தான். தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடிவைப்பார்கள். மேலே அப்படி ஒரு மறைப்பு இருந்தால் நாற்றின் சூடு அவ்வளவு எளிதில் வெளியேறாது.

இவ்வளவு விளக்கக் காரணம் இருக்கிறது. இது புரிந்தால் வினைச்சொல் தானாக வந்துவிடும். ஸ்னோவுக்கு ‘ஃபால்’, ஃப்ராஸ்டுக்கு ‘ஃபார்ம்’. தமிழில் எல்லாப் பனியும் ‘விழுகிறது’ என்பதால் பிள்ளைகள் ‘ஃப்ராஸ்ட் இஸ் ஃபாலிங்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘தேர் வாஸ் எ ஹெவி ஃப்ராஸ்ட் லாஸ்ட் நைட்’ என்பதே இயல்பான ஆங்கிலம்.

டியூ எளிது. அதே நீராவி உறையாமல் துளியாக நின்றால் டியூ. உண்மையில் நீலகிரிக்காரர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. குளிர்காலத் தொடக்கத்தில் ‘நீர்ப்பனி’ என்கிறோம், குளிர் முற்றியதும் ‘உறைபனி’ என்கிறோம். டியூவும் ஃப்ராஸ்டும் அவைதான். அகராதி ‘பனி’ என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்திக்கொண்டால் அதற்காகத் தமிழைக் குறை சொல்லாதீர்கள்.

ஃபாக், மிஸ்ட் இரண்டும் காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். பொருள் ஒன்றுதான், வேறுபாடு அடர்த்தியில். வானிலைத் துறையினர் இதற்குக் கணக்கே வைத்திருக்கிறார்கள்: 1 கிலோமீட்டருக்கு உட்பட்டவைதான் கண்ணுக்குத் தெரிகின்றன என்றால் ஃபாக், அதைவிடத் தொலைவு தெரிந்தால் மிஸ்ட். பேச்சில் யாரும் அளந்து பார்ப்பதில்லை. தேயிலைச் சரிவின்மேல் மெல்லிய திரையாகப் படர்ந்து, எதிர்மலையின் உருவம் மங்கலாகத் தெரிந்தால் மிஸ்ட் என்று எழுதுங்கள். குன்னூர் மலைப்பாதையில் எதிரே வரும் லாரி தெரியாமல், பகலிலேயே விளக்கைப் போட்டு ஊர்ந்து போகிறீர்கள் என்றால் ஃபாக். அந்த நேரத்தில் மேட்டுப்பாளையத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் மலைமேல் ‘கிளவுட்’ என்பார். அவர் சொல்வதும் சரியே. தரையைத் தொடும் மேகம்தான் ஃபாக்.

ஹேஸ் நீங்கள் கேட்காதது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அதில் ஈரம் இல்லை, தூசியும் புகையும்தான். கோடையில் தொட்டபெட்டாவிலிருந்து சமவெளி கலங்கலாகத் தெரிந்தால், பெரும்பாலும் அது ஹேஸ்.

குளிர்ந்த கண்ணாடியின்மேல் ஆவி படிவதை மட்டும் இந்த அடர்த்திக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிரிட்டிஷ்காரர்கள் ‘மிஸ்ட் அப்’ என்பார்கள், அமெரிக்கர்கள் ‘ஃபாக் அப்’ என்பார்கள். தேர்வில் இரண்டையும் தாராளமாக எழுதலாம். ஆனால் நினைவு மங்கிப்போனதைச் சொல்ல ‘ஃபாகி மெமரி’ என்பது வழக்கம். கண்ணீர் தளும்பும் கண்ணுக்கு ‘மிஸ்டி ஐஸ்’ என்பார்கள். அங்கே ‘ஃபாகி ஐஸ்’ என்று போட்டால் ஆங்கிலம் அறிந்தவர் காதுக்கு உறுத்தும்.