வால்யூம சுத்தமா குறைச்சாலும் ‘ஸ்ஸ்ஸ்’னு கேக்குதே, ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணே, செந்தூல்லேர்ந்து எழுதுறேன். போனஸ் வந்த கையோட 700 வெள்ளிக்கு (ரிங்கிட்) காதுக்குள்ள சொருகுற இன்-இயர் ஒண்ணு வாங்குனேன், ஒவ்வொரு பக்கமும் அஞ்சு டிரைவர் (குட்டி ஸ்பீக்கர்) இருக்குன்னு சொல்லித்தான் வித்தாங்க. என் பழைய மியூசிக் பிளேயர்ல சொருகுனா பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம், பாட்டு முடிஞ்சதும் அதே சத்தம். முன்னாடி வச்சிருந்த 35 வெள்ளி இயர்போன்ல இதெல்லாம் இல்லவே இல்ல. கடைல போய் கேட்டா சாமான் நல்லாதான் இருக்கு, உங்க பிளேயர்தான் பழசுன்னு சொல்லி 1,200 வெள்ளிக்கு இன்னொரு பிளேயர நீட்டுறாங்க. நான் ஏமாந்துட்டேனா?

பதில்: ஏமாறல தம்பி, ஜோடிதான் சேரல. அந்த 1,200 வெள்ளிய இப்போதைக்கு பாக்கெட்லயே வச்சிருங்க.

முதல்ல ஒரு டெஸ்ட். ராத்திரி ஃபேன், ஏர்கோன் எல்லாத்தையும் அடைச்சிட்டு பாட்ட ஓட விட்டு வால்யூம அடிமட்டத்துக்கு இறக்குங்க, அப்புறம் ஒவ்வொரு படியா ஏத்துங்க. பாட்டு ஏறுது ஆனா ஸ்ஸ்ஸ் மட்டும் அப்டியே இருக்குன்னா அது பிளேயருக்குள்ள சத்தத்த கூட்டித் தர்ற ஆம்ப்போட (ஆம்ப்ளிஃபயர்) சத்தம். பாட்டு கூடவே சேர்ந்து அதுவும் ஏறுதுன்னா அனேகமா பாட்டுலயே இருக்குற இரைச்சல், அப்பா காலத்து கேசட்லேர்ந்து மாத்துன எம்பி3ல எல்லாம் டேப்போட இரைச்சலும் சேர்ந்து பதிவாயிருக்கும், அதுக்கு எந்த இயர்போன் மாத்துனாலும் பிரயோஜனம் இல்ல. நீங்க எழுதுனத பாத்தா உங்களுது மொத வகை.

எல்லா ஆம்ப்லயும் கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும், சட்டி வைக்காம சின்னதா எரிய விட்ட கேஸ் அடுப்பு மாதிரி. அது காதுக்கு எட்டுதா இல்லையாங்குறது இயர்போனோட சென்சிட்டிவிட்டிய, அதாவது கொஞ்சம் கரண்டுக்கே எவ்ளோ சத்தம் போடுதுங்குறத, பொறுத்தது. கணக்கு புடிக்காதவங்க அடுத்த மூணு வரிய தாண்டிப் போயிருங்க. ஆம்ப்போட இரைச்சல் 5 மைக்ரோவோல்ட்னு வச்சிக்குவோம். மின்தடை 16 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 110 டெசிபல் குடுக்குற இன்-இயர்ல அது 22 டெசிபலா கேக்கும். அதே ஆம்ப்ல 300 ஓம், 97 டெசிபல் பெரிய ஹெட்போன சொருகுனா பூஜ்யத்துக்கும் கீழ போயிரும், யாருக்கும் கேக்காது. 22 டெசிபல் என்ன பெருசான்னு கேக்கலாம், ஆனா இன்-இயர் ரப்பர் காத நல்லா அடைச்சிருதே, வெளிச்சத்தம் ஒண்ணும் உள்ள வராதப்ப அந்த ஸ்ஸ்ஸ் மட்டும் தனியா நின்னு தெரியும். ஆக உங்க 35 வெள்ளி இயர்போன் நல்ல சாமான்னு அர்த்தம் இல்ல, அது கொஞ்சம் மந்தம், அதனால இரைச்சலையும் காட்டல, அவ்ளோதான். மல்ட்டி டிரைவர் இன்-இயர் நிறைய இப்டித்தான், மின்தடை (ஓம்) கம்மி, சென்சிட்டிவிட்டி கூட. இது புரியாம நானே ஒரு காலத்துல ஸ்ஸ்ஸ் போகணும்னு அதவிட விலை கூடுன இயர்போன் வாங்கி, வீட்டுக்கு வந்து சொருகுனா சத்தம் ரெண்டு மடங்கு, எங்க வீட்டம்மா அதை இன்னைக்கும் சொல்லிக் காட்டுவாங்க.

சரி, என்ன பண்ணலாம். செலவே இல்லாத வழி, போனோட சார்ஜ் ஓட்டைல மாட்டி இயர்போன் சொருகுற சின்ன டாங்கிள் யாருகிட்டயாவது கடன் வாங்கி போன்லயே கேட்டுப் பாருங்க, டாங்கிளுக்குள்ளயும் ஒரு குட்டி ஆம்ப் இருக்கு, ஆப்பிளோட டைப்-சி டாங்கிள் அவ்ளோ சின்னதா இருந்தாலும் இரைச்சல் ரொம்ப கம்மி. பழைய பிளேயர்தான் வேணும்னா நடுவுல அட்டெனுவேட்டர்னு ஒண்ணு போடலாம், அது பாட்டையும் இரைச்சலையும் சேர்த்தே அமுக்கும், நீங்க பிளேயர்ல வால்யூம கூட்டி பாட்ட மட்டும் மேல கொண்டாந்துக்கலாம். இதுலயே மலிவா 75 ஓம் அடாப்டர்னு வெறும் ரெசிஸ்டர் போட்ட வயர் விக்கிறாங்க. ஒத்த டிரைவர் இயர்போனுக்கு அது பெரும்பாலும் ஓகே, உங்க மாதிரி அஞ்சு டிரைவருக்கு போட்டா ஸ்ஸ்ஸ் அடங்கும், ஆனா பாட்டோட குணமே மாறிப் போகலாம், பேஸ் ஒரு மாதிரி, குரல் ஒரு மாதிரின்னு. அதனால அந்த வயர் வேணாம், அட்டெனுவேட்டர்னே கேட்டு வாங்குங்க.

இனிமே வாங்கும்போது உங்க சொந்த பிளேயர கையோட கொண்டு போங்க. லோ யாட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் மால்ல உள்ள நின்னு கேட்டா இந்தச் சத்தம் செத்தாலும் கேக்காது, அங்க இருக்குற கூட்டத்துக்கும் ஸ்பீக்கருக்கும். கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு, டெபாசிட் கேட்டா குடுத்துட்டு, படிக்கட்டு பக்கம் போய் கேளுங்க. முகத்த சுளிப்பாங்க, பரவால்ல.

கேள்வி: பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில ஷிஃப்ட் வேலை. பஸ்ல போறப்ப நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் அருமையா இருக்கு. ராத்திரி ரூம்ல பாட்டு போடாம மாட்டுனா மட்டும் லேசா உஸ்ஸுங்குது. பழுதா?

பதில்: பழுது இல்ல தங்கச்சி. அதுக்குள்ள குட்டி மைக் இருக்கு, வெளிச்சத்தத்த கேட்டு அதுக்கு நேர்மாறா ஒரு அலைய விட்டு அடிச்சி சமன் பண்ணுது. அந்த மைக்குக்கும் சர்க்யூட்டுக்கும்னு சொந்தமா ஒரு சின்ன இரைச்சல் இருக்கும், பஸ் இஞ்சின் உறுமுறப்ப அது அமுங்கிரும், அமைதியான ரூம்ல தலைய தூக்கும். ராத்திரி அந்த பட்டன ஆஃப் பண்ணுங்க, போயிரும். இந்த சமாச்சாரமே இஞ்சின் மாதிரி கனத்த சத்தத்துக்குன்னு வந்ததுதான், போஸ் கம்பெனி ஆரம்பிச்ச அமர் போஸ் 1978ல விமானத்துல போறப்ப ஹெட்போன்ல பாட்டு சரியா கேக்கலன்னு அங்கேயே உக்காந்து கணக்கு போட ஆரம்பிச்சாரு. பக்கத்து ரூம்ல பேசுறவங்க குரல் முழுசா நிக்கும்னு எதிர்பார்க்காதீங்க.

இன்னொண்ணு, பசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) விக்கிற இயர்பட்ஸ் டப்பால ‘இஎன்சி’ன்னு பெருசா போட்டிருப்பான். அது நீங்க போன்ல பேசுறப்ப எதிர்ல இருக்குறவங்களுக்கு உங்க பக்கத்து சத்தம் கேக்காம இருக்க. உங்க காதுக்கு வேணும்னா ‘ஏஎன்சி’ன்னு இருக்கணும். ஒரு எழுத்துதான் வித்தியாசம், எத்தன பேரு வாங்கிட்டு வந்து புலம்புறாங்க தெரியுமா.

கேள்வி: லேப்டாப்ல ஹெட்போன் போட்டு கேட்டா ‘ங்ங்ங்’னு ஒரு முனகல். பிரிக்ஃபீல்ட்ஸ்ல ரூம் எடுத்து படிக்கிறேன்.

பதில்: சார்ஜர புடுங்கிப் பாருங்க. நின்னுருச்சுன்னா அது கரண்டோட 50 ஹெர்ட்ஸ் முனகலோ சார்ஜரோட இரைச்சலோதான், ஹெட்போன் மேல பழி இல்ல. சார்ஜ் ஏறுறப்ப லேப்டாப்போட இரும்பு மேல கை வச்சா லேசா சுருசுருங்குமே, அதுவும் எர்த் இல்லாத சார்ஜர் பண்ற வேலைதான். பேட்டரில ஓட்டி கேளுங்க, இல்ல புளூடூத்துக்கு மாறிக்குங்க. கார்ல ஆக்ஸ் வயர் போட்டு அதே போன சார்ஜும் பண்றப்ப ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஒரு ஊளை ஏறுமே, அதுவும் இவனோட தம்பிதான், அதுக்கு கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்னு கேட்டு வாங்கி நடுவுல மாட்டுனா அனேகமா அடங்கிரும்.

கேள்வி: ஆன்லைன்ல 260 வெள்ளிக்கு வயர் வச்ச இயர்போன் வாங்குனேன், இடது பக்கம் மட்டும் கரகரங்குது. விக்கிறவரு ‘நார்மல் லா’ன்னு சொல்லி காசு தர மாட்டேங்குறாரு. பட்டர்வொர்த்ல இருக்கேன்.

பதில்: ஒரு பக்கம் மட்டும்னா நார்மல் இல்லக்கா. விக்கிறவருக்கு புகார் எழுதுறதுக்கு முன்னாடி, இடதுல இருக்குறத வலது காதுல மாட்டிப் பாருங்க. சத்தம் இயர்போன் கூடவே போச்சுன்னா வேற போன்லயும் சொருகிப் பாருங்க, அங்கயும் அதே பக்கம் கரகரன்னா சாமான்லதான் கோளாறு. வேற போன்ல இல்லன்னா உங்க போனோட ஜாக்க சுத்தம் பண்ணுங்க, பாதி கேஸ் அங்கேயே முடிஞ்சிரும்.

சாமான்தான்னு உறுதியானா ரசீது, சாட் ஸ்கிரீன்ஷாட், டப்பா எல்லாத்தையும் பத்திரமா வச்சிக்கிட்டு, இத்தன நாளுக்குள்ள மாத்திக் குடுங்கன்னு எழுத்துல கேளுங்க, போன்ல பேசுனது கணக்குல வராது. அசையலன்னா பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு, 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்கு கீழ வந்தது, 5 வெள்ளி கட்டி நீங்களே மனு போடலாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வேணாம். விக்கிறவரோட பேரும் முகவரியும் வேணும், அதனால ஆப்ல இருக்குற கடை விவரத்த இன்னைக்கே படம் புடிச்சி வைங்க. ஃபாரம் நிரப்ப தடுமாறுனா பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துல கேளுங்க, தமிழ்லயே பேசலாம்.

கேள்வி: வயசு 61, ஜெலுத்தோங். எந்த ஹெட்போன் போட்டாலும் ‘கீஈ’ன்னு கேக்குது, மூணு மாத்திட்டேன். கழட்டுன பிறகும் கொஞ்ச நேரம் கேக்குது.

பதில்: ஐயா, நாலாவது ஹெட்போன் வேணாம். கழட்டுன பிறகும் கேக்குதுன்னா சத்தம் ஹெட்போன்ல இல்ல, காதுல. கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) டாக்டர பாத்து, காது டாக்டருக்கு ரெஃபரல் லெட்டர் கேளுங்க. சில சமயம் வெறும் அழுக்கு அடைப்பாவும் இருக்கும். அதுவரைக்கும் காட்டன் பட்ஸ் போட்டு நோண்டாதீங்க, இன்னும் உள்ள தள்ளிரும்.