கொலராடோவில் எங்கே போகலாம், எப்போது போகலாம்: கேள்வி பதில்

கொலராடோவின் பூங்காக்கள், சரணாலயங்கள், காடுகள் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவைப் பற்றியவை. அதற்கும் பதில் உண்டு. ஆனால் இந்த மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நிலம் மத்திய அரசின் பொது நிலம். எல்லோரும் ஒரே வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன்.

டாலஸிலிருந்து: ஜூலை 4 வார இறுதியில் மூன்று நாள் வருகிறோம். நான்கு தேசியப் பூங்காக்களையும் பார்த்துவிட முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம். டென்வரிலிருந்து, நான்கில் ஒன்றான மேசா வெர்டேவுக்கு மட்டுமே ஒரு வழிக்கு ஏறக்குறைய ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்ட வேண்டும். மூன்று நாளுக்கு ராக்கி மவுண்டன் ஒன்றே போதும்.

அங்கே கோடையில் நேரம் குறித்த முன்பதிவு முறை சில ஆண்டுகளாக இருக்கிறது. பேர் லேக் சாலைக்குப் போக வேண்டுமானால் காலை 5 முதல் மாலை 6 வரை அந்த அனுமதி தேவை. மற்றப் பகுதிகளுக்குக் காலை 9 முதல் பிற்பகல் 2 வரைதான். அதாவது எட்டரை மணிக்குள் வாசலைத் தாண்டிவிட்டால் பூங்காவின் உச்சி வழியாகப் போகும் டிரெயில் ரிட்ஜ் சாலையில் முன்பதிவே இல்லாமல் போகலாம். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் உச்சியில் இடி மின்னல் சர்வ சாதாரணம் என்பதால் எப்படியும் காலையில் கிளம்புவதே நல்லது. மரமே இல்லாத வெட்டவெளியில் மின்னலுக்கு ஒதுங்க இடம் கிடையாது.

அரோராவிலிருந்து: கோயம்புத்தூரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். இருவருக்கும் எழுபது வயது இருக்கும். டிரெயில் ரிட்ஜ் சாலைக்கு அழைத்துப் போகலாமா?

போகலாம், ஆனால் அவசரப்படாமல். உயரத்தை அவர்களுக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். பூங்காவின் கிழக்கு வாசலில் இருக்கும் எஸ்டெஸ் பார்க் ஊர் சுமார் 7,500 அடியில் இருக்கிறது. கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம். தொட்டபெட்டா உச்சி 8,650 அடி. டிரெயில் ரிட்ஜ் சாலையின் உச்சம் 12,183 அடி. தொட்டபெட்டாவுக்கு மேல் இன்னும் மூவாயிரத்து ஐந்நூறு அடி! அந்த உயரத்தில் நாலு எட்டு வேகமாக வைத்தாலே மூச்சு வாங்கும்.

இந்தியாவிலிருந்து வந்து இறங்கிய வாரத்திலேயே மேலே கூட்டிப் போகாதீர்கள். டென்வரில் சில நாள் இருக்கட்டும், பிறகு எஸ்டெஸ் பார்க்கில் ஓர் இரவு தங்கட்டும், மறுநாள் காலை ஏறுங்கள். இதய நோய், நுரையீரல் தொந்தரவு இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். வழியெல்லாம் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்று எதைச் சொன்னாலும் "கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்" என்று காத்திருக்காமல் காரைக் கீழே திருப்புங்கள். இறங்குவதுதான் மருந்து. அப்புறம், ஜூலையிலும் ஸ்வெட்டரும் காதுக்குக் குல்லாவும் வேண்டும். ஊரில் இருப்பதைவிட மேலே இருபது முப்பது டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாக இருக்கும், காற்று வேறு அடிக்கும்.

மேலே போனதும் காரை நிறுத்திவிட்டு, நடைபாதையில் நின்றபடியே தரையைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். எல்லோரும் தூரத்து மலையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பாறைகளுக்கு நடுவே பச்சை மெத்தைபோல ஒட்டிக் கிடக்கும் செடியில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக இளஞ்சிவப்புப் பூக்கள் இருக்கும். அந்த மெத்தை ஒரு கையகலம் பரவவே பல ஆண்டுகள் ஆகும். ஒரு குடும்பம் படம் எடுக்கப் பாதையை விட்டு இறங்கி மிதித்தால், அது மீண்டு வருவதற்குள் நம் பிள்ளைகள் பெரியவர்களாகிவிடுவார்கள். தயவுசெய்து பாதையிலேயே நில்லுங்கள். பக்கத்துப் பாறைக் குவியலில் "ஈக்" என்று ஒரு சத்தம் கேட்டால் அது பைக்கா. முயல் இனம், ஆனால் எலி அளவுதான் இருக்கும். வாய் நிறையப் புல்லும் பூவும் கவ்விக்கொண்டு ஓடும். குளிர்காலத்துக்கான வைக்கோலைச் சேர்க்கிறது.

நடக்கச் சிரமப்படுவார்கள் என்றால் ஸ்ப்ரேக் ஏரியைச் சுற்றிச் சமதளப் பாதை இருக்கிறது, சக்கர நாற்காலியே போகும்.

அதே கேள்வியாளர்: கட்டணம் எவ்வளவு?

வருடாந்திர 'அமெரிக்கா த பியூட்டிஃபுல்' அட்டை 80 டாலர். தேசியப் பூங்கா, சரணாலயம், காடு என்று மத்திய அரசு நிலம் எல்லாவற்றுக்கும் செல்லும். ஆனால் 2026 முதல் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 80 டாலர் விலை அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும், வெளிநாட்டவருக்கு 250. அட்டை இல்லாமல் வரும் வெளிநாட்டவர், 16 வயதோ அதற்கு மேலோ என்றால் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டிய பதினொரு பூங்காக்களில் ராக்கி மவுண்டனும் ஒன்று. பெற்றோரை அழைத்துப் போகும் முன் பூங்காவின் அதிகாரப்பூர்வப் பக்கத்தைப் படித்துவிட்டு அடையாள அட்டைகளோடு கிளம்புங்கள். மாநிலத்தின் மற்றத் தேசியப் பூங்காக்களான கிரேட் சாண்ட் டியூன்ஸ், மேசா வெர்டே, பிளாக் கேன்யன் மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை.

வீட்டில் நான்காம் வகுப்புப் படிக்கும் குழந்தை இருக்கிறதா? அந்த ஒரு கல்வியாண்டுக்குக் குடும்பத்துக்கே இலவச அட்டை உண்டு. பலர் தெரியாமலேயே அந்த ஆண்டைத் தவறவிடுகிறார்கள்.

ஃபோர்ட் காலின்ஸிலிருந்து: நேஷனல் பார்க், நேஷனல் ஃபாரஸ்ட், ரெஃப்யூஜ், பி.எல்.எம். எல்லாம் அரசு நிலம்தானே? என்ன வித்தியாசம்?

இதைப் புரிந்துகொண்டால் மற்றக் குழப்பமெல்லாம் தீர்ந்துவிடும். எந்த நிலம் எதற்காக ஒதுக்கப்பட்டது என்று பாருங்கள். தேசியப் பூங்கா, இருப்பதை இருந்தபடி காப்பாற்றவும் மக்கள் பார்க்கவும். அதனால் விதிகள் அதிகம், வசதிகளும் அதிகம். ரெஃப்யூஜ் என்கிற சரணாலயத்தில் முதல் உரிமை விலங்குக்கு, நாம் விருந்தாளி. அதனால் சில பகுதிகள் ஆண்டில் சில மாதம் பூட்டியிருக்கும். தேசியக் காடு விவசாயத் துறையின் கீழ் வருகிறது. மரம், மேய்ச்சல், பனிச்சறுக்கு, வேட்டை, நடை எல்லாமே அங்கே உண்டு. பி.எல்.எம். என்கிற நில மேலாண்மைத் துறையின் நிலமும் அப்படித்தான். கூடவே எண்ணெய்க் கிணறும் சுரங்கமும் இருக்கலாம்.

ஆகவே தேசியக் காட்டில் மாடு மேய்வதைப் பார்த்துப் பதற வேண்டாம், அதற்கு அனுமதி உண்டு. வேலிக் கதவு மூடியிருந்தால் திறந்து போய்விட்டு மறுபடி மூடிவிடுங்கள். இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரர்கள் நடமாடுவார்கள், பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை போட்டு நடங்கள்.

டென்வரிலிருந்து: மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. நீண்ட பயணம் தாங்காது. பக்கத்தில் ஏதாவது?

ராக்கி மவுண்டன் ஆர்சனல் வனவிலங்குச் சரணாலயம். பெயரில் ராக்கி மவுண்டன் இருந்தாலும் மலையில் இல்லை, டென்வரை ஒட்டிய காமர்ஸ் சிட்டியில் சமவெளியில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. பதினொரு மைல் சாலை, காரை விட்டு இறங்காமலே சுற்றலாம். பைசன் என்கிற காட்டெருமைகள் இருக்கும் பகுதியில் இறங்கவும் கூடாது. குழந்தை பின் இருக்கையில் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும், ஜன்னலுக்கு வெளியே ஒரு டன் எடைக் காளை சாலையை அடைத்து நிற்கும். அதற்குப் பின்னால் டென்வரின் உயரக் கட்டடங்கள் தெரியும்.

இந்த இடத்தின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1942-இல் இங்கே இருந்த விவசாயக் குடும்பங்களை அப்புறப்படுத்திவிட்டு ராணுவம் ரசாயன ஆயுதத் தொழிற்சாலை கட்டியது. பிறகு அதே வளாகத்தில் தனியார் பூச்சிக்கொல்லி உற்பத்தி நடந்தது. மண்ணும் நிலத்தடி நீரும் பாழாயின. தொழிற்சாலையைச் சுற்றி ஆள் நடமாட்டம் இல்லாத விளிம்பு நிலத்தில் 1986-இல் வெண்தலைக் கழுகுகள் கூட்டமாக இரவு தங்குவதைக் கண்டார்கள். 1992-இல் நாடாளுமன்றம் இதைச் சரணாலயமாக்கச் சட்டம் இயற்றியது. துப்புரவுப் பணி 2010 வரை நீண்டது. அதற்கிடையே 2007-இல் பைசன்கள் வந்தன, 2015-இல் அழிவின் விளிம்பிலிருந்த கருங்கால் ஃபெரெட்டுகளை (கீரி போன்ற சின்ன விலங்கு) விட்டார்கள். மனிதன் இவ்வளவு கெடுத்த இடத்தைக்கூடத் திருப்பித் தர முடியும் என்பதைக் குழந்தைகள் பார்க்க வேண்டும். கழுகு பார்க்கக் குளிர்காலம் சிறந்தது. மற்றவை எப்போதும் உண்டு.

ஹூஸ்டனிலிருந்து: எல்க் மான் கத்துவதைக் கேட்க எப்போது வரலாம்? மூஸும் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை. ராக்கி மவுண்டனில் மொரேன் பார்க், ஹார்ஸ்ஷூ பார்க் புல்வெளிகளுக்கு மாலையில் போய்ச் சாலையோரம் நில்லுங்கள். கிடா எல்க்கின் குரல் நீங்கள் நினைப்பதுபோல் உறுமலாக இருக்காது. அடித்தொண்டையில் தொடங்கி, கீச்சென்ற விசிலாக உயர்ந்து, கடைசியில் செருமலாக முடியும். இருட்டிய பிறகும் கேட்கும். அந்தப் பருவத்தில் மாலை 5 மணிக்கு மேல் புல்வெளிக்குள் நடக்கத் தடை.

எல்க், மலை ஆடு இவற்றிலிருந்து குறைந்தது 75 அடி, மூஸ், கரடியிலிருந்து 120 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. கரடியைவிட, மான் இனத்திலேயே பெரியதான மூஸைப் பார்த்தால்தான் நான் அதிகம் கவனமாக இருப்பேன். அது சாதுவாக நின்று வில்லோ இலை தின்றுகொண்டே இருக்கும், குட்டி பக்கத்தில் இருந்தால் நொடியில் பாய்ந்துவிடும். காதைப் பின்னால் மடக்கினால் பின்வாங்குங்கள். பூங்காவின் மேற்கே கவுனீச்சி பள்ளத்தாக்கிலும், வடக்கே வால்டன் ஊரைச் சுற்றியும் நன்றாகத் தென்படும். 1978-இல் அந்தப் பகுதியில்தான் வெளி மாநிலங்களிலிருந்து மூஸைக் கொண்டுவந்து விட்டார்கள். வால்டனுக்குத் தெற்கே அரபாஹோ சரணாலயம் இருக்கிறது. கூட்டமே இருக்காது.

கொலராடோ ஸ்பிரிங்ஸிலிருந்து: மணல் மேடு பார்க்க ஆகஸ்டில் போகலாமா?

கிரேட் சாண்ட் டியூன்ஸுக்கு ஆகஸ்ட் பகலில் வேண்டாம். மணல் 150 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கொதிக்கும், செருப்புக்குள் புகுந்தால் கால் வெந்துவிடும். மே கடைசி, ஜூன் தொடக்கம்தான் பருவம். அப்போது பனி உருகி மெடானோ ஓடை மணல் மேட்டின் அடிவாரத்தில் ஓடும். அதில் ஒரு விந்தையைப் பாருங்கள். தண்ணீருக்கு அடியில் மணல் சின்னச் சின்ன வரப்பாகச் சேர்ந்து நீரைத் தேக்கும். கொஞ்ச நேரத்தில் வரப்பு உடைந்து ஓர் அலை வரும். மறுபடி வரப்பு, மறுபடி அலை. கடலே இல்லாத ஊரில் பிள்ளைகள் அலையில் விளையாடுவார்கள். அந்த நாட்களில் வார இறுதிக் கூட்டம் தாங்காது, முடிந்தால் வார நாளில் போங்கள்.

மேடுகள் 700 அடிக்கும் மேல் உயர்ந்தவை, வட அமெரிக்காவிலேயே இவைதான் உயரம். சறுக்க வேண்டுமானால் மணலுக்கென்றே செய்த பலகையை வெளியே வாடகைக்கு எடுத்துச் செல்லுங்கள். பனியில் ஓட்டும் பிளாஸ்டிக் பலகை காய்ந்த மணலில் நகராது.

லவ்லேண்டிலிருந்து: ஸ்டேட் வைல்ட்லைஃப் ஏரியாவில் நடக்கப் போனோம், லைசென்ஸ் கேட்டார்கள். நடக்கவுமா லைசென்ஸ்?

ஆமாம். மாநில அரசின் அந்த வனவிலங்கு நிலங்கள் வேட்டை, மீன்பிடி உரிமக் கட்டணத்தில் வாங்கிப் பராமரிக்கப்படுபவை. உள்ளே போகும் பெரியவர்கள் மீன்பிடி அல்லது வேட்டை உரிமமோ, அதற்கான தனி அட்டையோ வைத்திருக்க வேண்டும். ஸ்டேட் பார்க் வேறு. கொலராடோவில் கார் பதிவைப் புதுப்பிக்கும்போது, நீங்கள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால், 'கீப் கொலராடோ வைல்ட்' அட்டை சேர்ந்தே வரும். 2023-இல் 29 டாலரில் தொடங்கியது. அது இருந்தால் எல்லா ஸ்டேட் பார்க்குகளுக்கும் போகலாம். பதிவுச் சீட்டை எடுத்துப் பாருங்கள், உங்களிடம் ஏற்கெனவே இருக்கலாம்.

போல்டரிலிருந்து: இலவசமாகக் கூடாரம் போடலாம் என்கிறார்களே? கரடி வருமா?

தேசியக் காட்டிலும் பி.எல்.எம். நிலத்திலும் பல இடங்களில் 14 நாள் வரை போடலாம். குழாய், கழிவறை, குப்பைத் தொட்டி எதுவும் இருக்காது. கொண்டுபோன குப்பையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். மலம் கழிக்க ஓடையிலிருந்து 200 அடி தள்ளி அரை அடி குழி தோண்டி மூடுங்கள். நெருப்புத் தடை இருக்கிறதா என்று கிளம்பும் அன்றே பார்த்துவிடுங்கள்.

இங்கே இருப்பது கருங்கரடி மட்டும். அதற்கு மூக்குதான் கண். புளியோதரை டப்பா, ஊறுகாய், பற்பசை, எண்ணெய் பட்ட தட்டு எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. இரும்புப் பெட்டி வைத்திருக்கும் முகாமில் அதற்குள் பூட்டுங்கள். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொன்றுவிடுகிறார்கள். நாம் அசட்டையாக வைத்த டப்பாவுக்கு அது உயிரைக் கொடுக்கிறது.

நாய், டிரோன்?

ராக்கி மவுண்டன் பூங்காவின் நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி இல்லை. தேசியக் காட்டில் பெரும்பாலும் கயிற்றோடு போகலாம். தேசியப் பூங்கா எதிலும் டிரோன் கூடாது.

அட்லாண்டாவிலிருந்து: மார்ச்சில் வேலையாக டென்வர் வருகிறேன். மலையெல்லாம் பனியாக இருக்குமே, பார்க்க ஏதாவது உண்டா?

ஒரு நாள் சேர்த்து விடுப்பு எடுத்து மான்டே விஸ்டா சரணாலயத்துக்குப் போங்கள். டென்வரிலிருந்து தெற்கே நாலு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதல். நியூ மெக்ஸிகோவில் குளிர்காலம் கழித்த சாண்ட்ஹில் கொக்குகள் வடக்கே திரும்பும் வழியில் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் இருபதாயிரத்துக்கும் மேலாக வந்து இறங்கும். அவற்றுக்காகவே சரணாலயத்தில் பார்லி விளைவிக்கிறார்கள். இரவில் ஆழமில்லாத தண்ணீரில் நின்றே தூங்கும். விடியும் முன் போய்விட வேண்டும். முதல் வெளிச்சத்தில் நாலு கொக்கு கழுத்தை ஒரே திசையில் சாய்க்கும். அதுதான் கிளம்பப் போவதன் அடையாளம், கேமராவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பகலில் வயலில் மேயும், ஜோடிகள் குதித்து ஆடும்.

இடம் ஏழாயிரத்து அறுநூறு அடி உயரம், மார்ச் விடியலில் விரல் மரத்துப் போகும். கையுறை, பிளாஸ்கில் காபி, பைனாகுலர் மூன்றும் வேண்டும். ஊரில் தங்கும் அறைகள் குறைவு. மார்ச்சில் கொக்குத் திருவிழா வேறு நடக்கும், அந்த வார இறுதி என்றால் மிக முன்னதாகவே அறை பதிவு செய்துவிடுங்கள்.